ஒரு சம்பளத்தில் வீடு ஓடுமா? தோட்டத்தில் பெயரை வெட்டும் முன் போட வேண்டிய கணக்கு

டிக்கோயாக்காரன்

"வீட்டுக்காரி வேலைக்குப் போகாமல் நின்றால் சமாளிக்க முடியுமா" என்ற கேள்வி, இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டக்காரர் பேசும் இந்தக் களத்தில் மாதம் ஒருமுறையாவது வருகிறது. தோட்டப் பதிவிலிருந்து பெயரை வெட்டுவது என்றால் வேலையை விடுவதுதான். முடியும், முடியாது என்று ஆளுக்கொரு பதில் சொல்கிறோம், எண்களைப் போட்டுப் பார்ப்பதில்லை. ஒரு மாதிரிக் குடும்பத்தை வைத்துத் தொடங்குகிறேன். பிழை இருந்தால் திருத்துங்கள்.

கணவருக்கு ஹட்டன் டவுனில் ஹார்ட்வெயார் கடையில் வேலை, மாதம் 55,000. மனைவி தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறார், பதிவுக்காரர், சேவை 4 வருடம் 4 மாதம். மகள் மூன்றாம் வகுப்பு, மகனுக்கு 3 வயது. கணவரின் தாயாருக்கு 67. வசிப்பது தோட்டம் கொடுத்த லயத்துக் காம்பராவில் (வரிசை வீட்டின் அறை). குழுவாகப் பிணை நின்று எடுத்த குழுக்கடன் மாதம் 6,500, இன்னும் 11 தவணை கட்ட வேண்டும்.

மனைவியின் நாட்சம்பளத்தை 1350 என்றே வைக்கிறேன். 2024 செப்டம்பரில் வந்த தொகை அது. 2026 வரவு செலவுத் திட்டத்தில் 1550, அதற்கு மேல் வருகைக்கு 200 என்று சொல்லப்பட்டது. உங்கள் சம்பளத் துண்டில் எது விழுகிறதோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள். குறைந்ததை வைத்துப் பார்த்தால் கணக்கு ஏமாற்றாது.

ஒரு நாள் வேலை பதிவில் விழுவதை ஒரு பேர் என்போம். மாதம் 22 பேர் விழுந்தால் 29,700. ஈபிஎப், அதாவது ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம் 2,376 போகும். தொழிற்சங்கச் சந்தா, கோயில், தேத்தூள், மரண உதவிச் சங்கம் எல்லாம் சேர்த்து 1,300 என்று வைத்தால் கைக்கு வருவது சுமார் 26,000.

கணவரின் 55,000இல் ஈபிஎப் 4,400 போனால் 50,600. பஸ் ஒரு வழிக்கு 80 என்று 26 நாளைக்கு 4,160. மிச்சம் 46,440.

மனைவி வீட்டில் இருந்தால் ஆகும் மாதச் செலவு: பலசரக்கு 24,000, மரக்கறி முட்டை மீன் 9,000, காஸ் 2,500, கரண்ட் 1,800, போன் 1,800, பாடசாலை 5,000, மருந்து 3,000, நல்லது கெட்டது 3,000, கடன் 6,500. கூட்டினால் 56,600. மாதம் 10,160 துண்டு விழுகிறது.

வெலிமடை மலர்

அண்ணன், மனைவியின் 26,000 முழுதாக இழக்கும் காசு இல்லை. வேலைக்குப் போவதற்கென்றே ஆகும் செலவைக் கழிக்க வேண்டும். பிள்ளைக்காம்பராவில் (தோட்டத்துப் பிள்ளை பராமரிப்பு நிலையத்தில்) விட்டாலும் அது பூட்டின பிறகும், பிள்ளைக்குக் காய்ச்சல் வரும் நாளிலும் பக்கத்து வீட்டில் பார்க்கக் கொடுக்கிறோம். அது 4,000 என்று வையுங்கள். வேலை முடிந்து வந்து சமைக்க ஏலாமல் வாங்கும் பாண், வடை, பக்கெட் சாமான் 2,500. மகள் தனியாக இருக்கக் கூடாதே என்று போடும் டியூஷன் 1,500. ஆக 8,000. உண்மையில் வீட்டுக்கு மிஞ்சுவது 18,000.

அதுவும் 22 பேர் விழும் மாதத்தில்தான்.

டிக்கோயாக்காரன்

சரி அக்கா. நான் போட்ட செலவுப் பட்டியலில் அந்த 8,000 இல்லை, அவர் வீட்டில் இருப்பதாக நினைத்துத்தான் போட்டேன். துண்டு 10,160 என்பதில் மாற்றமில்லை.

ஊவாப் பக்கம்

மாதக் கணக்கு தப்பு. வருடக் கணக்குப் போடுங்கள்.

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை பனியும் வெயிலும். தேயிலைக்குத் தரம் அப்போதுதான் நல்லது, ஆனால் கொழுந்து குறைவு. பதுளை, பண்டாரவளை பக்கம் அந்தக் காய்ந்த காலம் ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பரில் வரும். கொழுந்து குறைந்தால் வேலை நாளும் குறையும், வேலை கிடைத்த நாளிலும் தோட்டம் கேட்கும் கிலோ சேராமல் அரைப்பேர் (அரை நாள் சம்பளம்) விழும். 14 பேர் விழுந்த மாதத்தில் 18,900. ஈபிஎப்பும் மற்றதும் போனால் 16,100. மலர் அக்கா சொன்ன 8,000ஐக் கழித்தால் 8,100தான் மிச்சம்.

அதனால் செக்ரோல் (தோட்டத்து வருகை, சம்பளப் பதிவு) மாதத் துண்டு 12ஐயும் எடுத்து வைத்துக் கூட்டி, 12ஆல் பிரியுங்கள். பலபேர் ஏப்ரல், மே மாதத் துண்டை வைத்து "26,000 போய்விடுமே" என்று பயப்படுகிறார்கள், அல்லது பெப்ரவரித் துண்டைப் பார்த்து "இதுக்கா போகணும்" என்று விட்டுவிடுகிறார்கள். இரண்டும் அரைக் கணக்கு.

பண்டாரவளைக் கணக்கர்

இங்கே இன்னும் யாரும் தொடாத காசு ஒன்று இருக்கிறது. வேலையை விடுவதா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அதுதான்.

29,700க்குத் தோட்டம் தன் பங்காக ஈபிஎப்பில் போடுவது 12 வீதம், 3,564. ஈடிஎப், அதாவது ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதம், 891. பணிக்கொடை, அதாவது சேவைக்காலப் பணம், நாட்சம்பளக்காரருக்கு ஒரு வருடத்துக்கு 14 நாள் சம்பளம், 18,900. மாதத்துக்குப் பிரித்தால் 1,575. மூன்றையும் கூட்டினால் 6,030. இந்தக் காசைக் கையில் வாங்குவதில்லை, ஆகவே கண்ணிலும் படுவதில்லை. வேலையை விட்ட மாதத்திலிருந்து அதுவும் நிற்கும். அவர் தன் பங்காகப் போட்ட 2,376ஐயும் சேர்த்தால் மாதம் 8,406 சேமிப்பு நின்றுபோகிறது.

இரண்டாவது, 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி பணிக்கொடை கிடைக்க 5 வருடம் முழுதாக வேண்டும். இந்த மாதிரிக் குடும்பத்தில் 4 வருடம் 4 மாதம். இன்று கடிதம் கொடுத்தால் பூச்சியம். இன்னும் 8 மாதம் நின்றால் 5 × 14 × 1350 = 94,500. இந்த வித்தியாசம் தெரியாமல் நாலரை வருடத்தில் பெயரை வெட்டிக்கொள்வதைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது.

மூன்றாவது, கணவரின் கடை உண்மையிலேயே ஈபிஎப் கட்டுகிறதா? 8 வீதம் கழித்துவிட்டு அனுப்பாமல் இருக்கும் இடங்கள் உண்டு, கழிக்காமலே விடும் இடங்களும் உண்டு. வருட மீதிக் கூற்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அங்கே கட்டவில்லை என்றால், சிறிய சம்பளமாக இருந்தாலும் குடும்பத்தின் முதுமைக்கு ஆதாரம் இருப்பது மனைவியின் வேலையில் மட்டும்தான். அந்த நிலையில் விடுவதாக இருந்தால் முதலில் கணவர் பக்கத்தைச் சரிசெய்துவிட்டு விடுங்கள். 55,000இல் மேலதிக நேரக் காசு எவ்வளவு என்றும் பாருங்கள். அதைக் கணக்கில் சேர்க்கவே கூடாது.

கொட்டகலை 40

வேலையை விட்டால் ஈபிஎப் காசு உடனே வருமா? அதை எடுத்துக் கடனை அடைக்கலாமே.

பண்டாரவளைக் கணக்கர்

வராது தம்பி. பெண்களுக்கு 50 வயது, ஆண்களுக்கு 55. அதற்கு முன் எடுக்க, திருமணத்தால் வேலையை விடுவது, நிரந்தர நோய், நாட்டை விட்டு நிரந்தரமாகப் போவது மாதிரிக் காரணம் வேண்டும். 30 வீதம் முன்கூட்டி எடுக்கும் வழி வீட்டுக்கும் வைத்தியத்துக்கும்தான், அதற்கும் 10 வருட அங்கத்துவமும் குறைந்தது 3 இலட்சம் மீதியும் வேண்டும். ஈடிஎப்பை வேலையை விட்டதும் எடுக்கலாம், ஆனால் ஒருமுறை எடுத்தால் அடுத்ததற்கு 5 வருட இடைவெளி. வேலையை விட்டவுடன் காசு கைக்கு வரும் என்று நம்பி யாரிடமும் தவணை சொல்லிவிடாதீர்கள்.

மஸ்கெலியா அக்கா

பலசரக்கு 24,000 என்று ஒரே வரியில் போட்டுவிட்டீர்கள், வீட்டுக் கணக்கு ஆடுவதே அங்கேதான். ஐந்து பேருக்கு, மூன்று பெரியவர்கள் இரண்டு பிள்ளைகளுக்கு, அளவு சொல்கிறேன்.

அரிசி 30 கிலோ. 2024 டிசம்பரில் நாட்டரிசிக்கு வைத்த உச்ச விலை 230, அதன்படி 6,900. கோதுமை மா 10 கிலோ. ஒரு கிலோவில் கையகல ரொட்டி 10, 12 வரும். காலைக்கும் பிள்ளையின் பாடசாலைச் சாப்பாட்டுக்கும் அதுவே சரி. பருப்பு 3 கிலோ, சீனி 4 கிலோ. தேங்காய் நாளுக்கு ஒன்று என்றால் 30, விலை ஏறியிருக்கும் மாதத்தில் பெரிய ஓட்டை இதுதான். பாதித் தேங்காய் சம்பலுக்கு, பாதி கறிக்கு என்று பிரித்தால் ஒன்று போதும். கறிக்கே ஒன்று பிழிந்தால் மாதம் 45இல் போய் நிற்கும்.

பால்மா 400 கிராம் பக்கெட் 4. பிள்ளைக்கு நாளுக்கு இரண்டு தரம், தரத்துக்கு 25 கிராம் கரைத்தால் ஒரு பக்கெட் 8 நாள் வரும். வீட்டில் எல்லோரும் பால் தேத்தண்ணி குடித்தால் அதே பக்கெட் 3 நாள். பெரியவர்கள் வெறுந்தேத்தண்ணிக்கு மாறினால் மாதம் 5, 6 பக்கெட் மிச்சம். ஆனால் பிள்ளையின் பாலிலும் முட்டையிலும் கைவைத்து மிச்சம் பிடிப்பதற்காக யாரும் வேலையை விட வேண்டாம். தாய் வீட்டில் நிற்பதே பிள்ளை நன்றாகச் சாப்பிடட்டும் என்பதற்குத்தானே.

நானுஓயா மின்சாரம்

கரண்ட் பில்லை 1,800 என்று போட்டது வேலைக்குப் போகும் வீட்டின் பில் மாதிரி இருக்கிறது. ஆள் பகலில் வீட்டில் இருந்தால் அது ஏறும்.

வீட்டுப் பாவனைக் கட்டணம் 60 யூனிட்டில் உடைகிறது. 60 தாண்டினால் தாண்டின யூனிட்டுக்கு மட்டும் கூட விலை என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. முதல் யூனிட்டிலிருந்தே வேறு விலைக்குப் போகிறது, நிலையான கட்டணமும் ஏறுகிறது. 58இல் நின்ற வீடு 64 ஆனால் ஆறு யூனிட்டின் காசு அல்ல கூடுவது.

குளிர்ப் பக்கத்தில் எதிரி கேத்தல். 18 பாகையில் இருக்கும் ஒரு லீற்றர் தண்ணீரைக் கொதிக்கவைக்க ஏறத்தாழ 0.11 யூனிட். ஒரு கோப்பைத் தேத்தண்ணிக்குக் கேத்தலை நிரப்பி, மிச்சத்தை ஆறவிட்டு, மறுபடி கொதிக்கவைத்து என்று நாளுக்கு ஆறு தரம் போட்டால் மாதம் 20 யூனிட். காலையில் விறகடுப்பில் ஒரே தரம் காய்ச்சிப் பிளாஸ்கில் ஊற்றிவிட்டால் அந்த 20 அப்படியே விழும். 50 வாட் டீவி 8 மணித்தியாலம் ஓடினால் மாதம் 12 யூனிட். மீட்டரை ஞாயிற்றுக்கிழமை தோறும் பார்த்துக் கலண்டரில் எழுதுங்கள். வாரத்துக்கு 14க்குள் நின்றால் 60 தாண்டாது. மீட்டர் பார்க்க ஆள் பிந்தி வந்தால் பயப்பட வேண்டாம், நாட்களுக்கு ஏற்ப அந்த எல்லையும் நீளும்.

மஸ்கெலியா அக்கா

விறகென்றதும் ஞாபகம் வருகிறது. கவ்வாத்து வெட்டின (தேயிலைச் செடியைக் கத்தரித்த) மலையில் மிலாறு, அதாவது வெட்டின கிளை எடுக்கும் வாய்ப்பு பதிவில் பெயர் இருக்கும் வீட்டுக்குத்தான் முதலில். வேலையை விட்டால் அதுவும் குறையலாம், காஸ் செலவை 2,500இல் நிறுத்தாதீர்கள்.

கொட்டகலை 40

அப்படியென்றால் காம்பராவும் போய்விடுமா?

டிக்கோயாக்காரன்

எல்லாத் தோட்டத்திலும் ஒரே மாதிரி இல்லை. காம்பரா யார் பெயரில் கொடுக்கப்பட்டது, வீட்டில் பதிவுக்காரர் இன்னும் யாராவது இருக்கிறாரா என்பதைப் பொறுத்தது. இந்த மாதிரிக் குடும்பத்தில் கணவர் வெளியே வேலை செய்கிறார், தாயார் ஓய்வு. மனைவி ஒருவரே பதிவு. ஆகவே கடிதம் கொடுப்பதற்கு முன் ஆபீசில் போய்க் கேளுங்கள். வாய்ப்பேச்சில் "ஒண்ணும் ஆகாது" என்று கணக்கப்பிள்ளை சொன்னால் அது போதாது, தோட்டத் துரை (மனேஜர்) மாறினால் பேச்சும் மாறும். எழுதி வாங்குங்கள். வீட்டுத் திட்டத்தில் 7 பேர்ச் காணியும் வீடும் ஏற்கனவே கிடைத்துக் காணி உறுதி கையில் இருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. பட்டியலில் பெயர் இருந்து வீடு இன்னும் கட்டிமுடியாதவர்கள், அது முடியும்வரை பொறுப்பது நல்லது என்பது என் எண்ணம்.

பண்டாரவளைக் கணக்கர்

இப்போது 10,160க்கு வருவோம். இதில் 6,500 குழுக்கடன். கடன் இல்லாவிட்டால் துண்டு 3,660தான். மலர் அக்கா சொன்ன 18,000 மாதாமாதம் எங்கே போகிறது என்று பார்த்தால், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்தக் கடனுக்குத்தான் போகிறது.

11 தவணையும் முடிய 11 மாதம். பணிக்கொடைக்கு 8 மாதம். ஆகவே இந்தக் குடும்பத்துக்கு "முடியுமா முடியாதா" என்று கேட்க வேண்டியதே இல்லை. இன்று முடியாது. 11 மாதம் கழித்து 94,500 பணிக்கொடையோடு, கடனில்லாமல், மாதம் 3,660 துண்டோடு இதே கேள்வியை மறுபடி கேட்கலாம். அந்த 3,660ஐக் கேத்தலிலும் பால் தேத்தண்ணியிலும் மரக்கறியிலும் பிடிக்க முடியும்.

குழுக்கடன் வாரத் தவணையாக இருந்தால் இன்னொரு சிக்கல். சம்பளம் 10ஆந் திகதி, முற்பணம் 25ஆந் திகதி அளவில். வாரத்துக்கு ஒருமுறை காசு கேட்கும் கடனை மாதச் சம்பளத்தில் கட்டும்போது மூன்றாம், நான்காம் வாரம் அடகுக்கடைக்குப் போகிறது. அந்த அடகு வட்டியைக் கடன் செலவில் யாரும் எழுதுவதில்லை. எழுதுங்கள்.

வெலிமடை மலர்

காகிதத்தில் சரிவந்தது அடுப்படியில் சரிவராமல் போகலாம். வேலையை விடாமலே ஒத்திகை பாருங்கள். மனைவியின் சம்பளத்தைத் தொடாமல் வங்கியில் போட்டுவிட்டு, கணவரின் 46,440ஐ மட்டும் வைத்து மூன்று மாதம் ஓட்டுங்கள். கடன் தவணையை மட்டும் மனைவியின் காசிலிருந்து கட்டலாம், அது எப்படியும் முடியப்போவதுதானே.

ஒத்திகை கெட்டுப்போவது மூன்று இடத்தில். ஒன்று, கடைக்கொப்பி. காசு தீர்ந்ததும் கொப்பியில் எழுதிச் சாமான் எடுத்தால் மூன்றாம் மாதம்வரை எல்லாம் சரி போலவே தெரியும். ஒத்திகை முடியும்வரை கொப்பியை மூடிவிடுங்கள். இரண்டு, மாதத் தெரிவு. ஜூன், ஜூலையில் பார்த்தால் செலவே இராது. பாடசாலைத் தவணை தொடங்கும் மாதம், சித்திரை, தீபாவளி இவற்றில் ஒன்றாவது உள்ளே வர வேண்டும். மூன்று, நல்லது கெட்டது. லயத்தில் ஒரு சாவு விழுந்தால் போகாமல் இருக்க முடியாது, மொய் எழுதாமல் சடங்குக்குப் போக முடியாது. 3,000ஐத் தனி டப்பாவில் போடுங்கள், செலவில்லாத மாதத்தில் எடுக்காதீர்கள்.

தீபாவளி முற்பணம் எடுத்திருந்தால் அதன் மிச்சம் கடைசிச் சம்பளத்தில் ஒரேயடியாகப் பிடிபடும், அதையும் பாருங்கள்.

ஊவாப் பக்கம்

எந்த ஒரு சம்பளத்தை நம்புகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு மண்சரிந்து பாதைகள் உடைந்தபோது நாட்சம்பளக்காரருக்கு வேலையில்லாத ஒவ்வொரு நாளும் காசில்லாத நாள். மாதச் சம்பளக்காரருக்குக் கொஞ்சமாவது பிடி இருந்தது. கணவரும் நாட்கூலி, மேசன் வேலை, ஆட்டோ, மரக்கறித் தோட்டத்தில் பதிவில்லாத கைக்காசு வேலை என்று இருந்தால் இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. அங்கே இரண்டு வருமானமும் தேவை, அல்லது குறைந்தது நாலு மாதச் சாப்பாட்டுக் காசு வங்கியில் இருக்க வேண்டும்.

லிந்துலை ராகலை ரூட்

ஒரு மாடு வைத்தால் 3,660 துண்டு அடைபடாதா? மனைவி வீட்டில்தானே.

மஸ்கெலியா அக்கா

அடைபடலாம், ஆனால் அதை ஓய்வு என்று நினைக்காதீர்கள். கறக்கும் மாட்டுக்கு நாளுக்கு 40, 50 கிலோ பச்சைப் புல். வெட்டிக் கட்டித் தலையில் சுமந்துவர இரண்டு மணித்தியாலம், மழையில் கூட. 2, 2½ லீற்றர் பாலுக்கு ஒரு கிலோ புண்ணாக்குத் தீவனம். கன்று போடுவதற்கு முன் 60 நாள் கறவையை நிறுத்த வேண்டும், அந்த இரண்டு மாதமும் தீவனம் உண்டு, வருமானம் இல்லை. மாட்டைக் கடனில் வாங்கினால் முதல் கறவை முழுக்கத் தவணைக்கே. பணிக்கொடை கைக்கு வந்த பிறகு, புல்லுக்கு இடம் நிச்சயமான பிறகு யோசிக்கலாம்.

டிக்கோயாக்காரன்

சில தோட்டங்களில் தேயிலை மலையைப் பிரித்து ஒரு குடும்பத்துக்கு இத்தனை செடி என்று கொடுத்து, கொழுந்தை கிலோ விலைக்கு எடுக்கும் முறை இருக்கிறது. வெயிலேறும் முன் இரண்டு மணித்தியாலம், பிள்ளை தூங்கும்போது கொஞ்சம் என்று செய்யலாம், சிறு பிள்ளைத் தாய்மாருக்கு ஓரளவு பொருந்தும். ஆனால் சுற்று 7, 8 நாளைக்கு ஒருமுறை வராவிட்டால் இலை முற்றிவிடும், முற்றினதை நிறுவையில் தள்ளிவிடுவார்கள். புல் பிடுங்குவதும் உரமும் யார் பொறுப்பு, உரத்துக்கு எவ்வளவு பிடிப்பார்கள், அந்த முறைக்கு மாறினால் ஈபிஎப் தொடருமா, பழைய சேவை அறுபடுமா என்ற நாலு கேள்விக்கும் எழுத்தில் பதில் வாங்காமல் கையெழுத்து வைக்க வேண்டாம்.

வெலிமடை மலர்

ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பெயர் இருக்கும்வரை அந்தப் பெண்ணுக்கென்று ஒரு சம்பளத் துண்டு இருக்கிறது. விட்ட பிறகு பாண் வாங்கவும் கேட்டுத்தான் வாங்க வேண்டும் என்றால், அந்த வீட்டில் இருப்பது ஒரே ஒருவரின் வருமானம், குடும்பத்தின் வருமானம் இல்லை. கணவரின் சம்பளம் விழும் கணக்கை இருவர் பெயரிலும் மாற்றுங்கள். பணிக்கொடை 94,500 அவருடைய பெயரில், அவருடைய புத்தகத்தில் போகட்டும். மதுவுக்கோ லொத்தருக்கோ போகும் காசு வீட்டில் இருந்தால் முதலில் அதை மாதாமாதம் எழுதுங்கள். அது 3,660ஐத் தாண்டினால் மேலே எழுதினது எதுவும் உதவாது.

கொட்டகலை 40

எல்லாம் சரிவந்து விடுவதென்றால் எப்படி விடுவது? வேலைக்குப் போகாமல் நின்றுவிட்டால் போதுமா?

பண்டாரவளைக் கணக்கர்

அதை மட்டும் செய்யாதீர்கள். சொல்லாமல் நின்றால் தானாக வேலையை விட்டுவிட்டதாக எழுதிவிடுவார்கள், கடைசி நாள் எது என்பதில் பிறகு சண்டை வரும். 5 வருடம் முடிந்த திகதிக்குப் பிறகு வரும் ஒரு நாளைப் போட்டு விலகல் கடிதம் கொடுங்கள். பிரதியில் ஆபீஸ் முத்திரையும் திகதியும் வாங்குங்கள். வேலையில் சேர்ந்த திகதியை நீங்கள் நினைவில் வைத்திருப்பதை நம்பாமல் செக்ரோலில் பார்த்து எழுதுங்கள். பதிவில்லாமல் கைக்காசாக இருந்த மாதங்களைச் சேவையில் சேர்த்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். பணிக்கொடை 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும், பிந்தினால் தொழில் திணைக்களத்தின் மாவட்டக் காரியாலயத்தில் முறையிடலாம்.

கடிதத்துக்கு முன் இன்னொரு வேலை. ஈபிஎப் அங்கத்துவ அட்டையான பீ கார்டை எடுத்து அடையாள அட்டையோடு வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். செக்ரோலில் வீட்டுப் பெயர், அடையாள அட்டையில் பிறப்புப் பத்திரப் பெயர், ஒன்றில் தகப்பன் பெயர் முன்னே, மற்றதில் கணவர் பெயர் பின்னே என்று இருந்தால் 50 வயதில் காசு கேட்கும்போது மாதக்கணக்கில் அலைய வேண்டிவரும். வேலையில் இருக்கும்போது தோட்டத்து ஆபீஸ் மூலமாகத் திருத்துவது எளிது. விட்ட பிறகு தோட்டம் கைமாறிவிட்டால் அந்தப் பதிவைத் தேடிக் கையெழுத்து வைக்க ஆள் கிடைப்பதே கஷ்டம்.

கொட்டகலை 40

பீ கார்டில் அடையாள அட்டை இலக்கமே பழைய 9 இலக்கத்தில் இருக்கிறது, புதிய அட்டை 12 இலக்கம். அதையும் மாற்ற வேண்டுமா?

பண்டாரவளைக் கணக்கர்

பழையதும் புதியதும் ஒரே ஆள்தான் என்று காட்டப் பழைய அட்டையின் போட்டோ பிரதி ஒன்றை வைத்திருங்கள். பெயர் திருத்தத்துக்குப் போகும் அன்றே இதையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள், இரண்டு தரம் பஸ் காசு எதற்கு.